கோடியில் ஒரு பூ

மைக் கொஞ்சம் இரைகிறது. இருக்கட்டும், இன்றைய பேச்சே இரைச்சல் சம்பந்தப்பட்டதுதான்.

பெங்களூர் அல்சூரில் இந்தக் கூட்டத்தில் மூத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். பாட்டு கணீரென்று வந்துகொண்டிருக்கும். திடீரென்று கிணற்றுக்குள் போய்விடும். நாம் பெட்டியைத் தட்டுவோம். பாவம், அந்தப் பெட்டி என்ன செய்யும்? வெயிலால் காற்று மின்னேற்றம் பெற்ற உயர வானடுக்குதான் அயனிமண்டலம். அதில் பட்டுத் திரும்பும் அலை இரண்டு வழியாக வந்து சேர்ந்தால் சில சமயம் ஒன்றை ஒன்று அழித்துவிடும். இது பலருக்கும் தெரிந்த கதை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பயணத்தில் அதிர்வெண்ணே மாறிவிடுகிறது.

சீனாவில் பூச்செங் என்ற இடத்திலிருந்து பி.பி.எம். நிலையம் நேரத் துடிப்புகளை 10 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது. நம் கணக்கில் வினாடிக்கு ஒரு கோடி அலை. அணுக்கடிகாரம் வைத்து அளந்து அனுப்புவது. மொட்டைமாடியில் கம்பி கட்டி அதைப் பிடித்தேன். ஜிபிஎஸ் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆசிலேட்டர், அதாவது சீரான அலையை உண்டாக்கும் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் 10 மெகாஹெர்ட்ஸையும் கூடவே கலந்துவிட்டேன். இரண்டும் ஒத்துப்போனால் மீட்டர் முள் அசையக் கூடாது. பொழுது சாயும் நேரம், முள் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. ஒன்றரை வினாடிக்கு ஒரு தடவை.

ஏன்? கே.ஆர். மார்க்கெட்டில் பூக்காரம்மா மல்லிகைச் சரம் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை ஒரே வேகத்தில் ஓடும். அந்தச் சரம் ஓர் உத்தரத்தின் மேலே ஏறி, மறுபக்கம் உங்கள் கைக்கு இறங்குகிறது என்று வையுங்கள். யாரோ உத்தரத்தை மெதுவாக உயர்த்துகிறார்கள். கொஞ்சம் பூ நடுவழியிலேயே தங்கிவிடும்; உங்கள் கைக்கு வருவது குறையும். அம்மாவின் கை வேகம் குறையவே இல்லை. இங்கே ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடைவெளி 30 மீட்டர், அதுதான் 10 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம். பாதை வினாடிக்கு 30 மீட்டர் நீண்டால் கோடியில் ஒரு பூ குறைந்துபோகும். பூச்செங் இங்கிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர். அதில் 30 மீட்டர் எம்மாத்திரம்!

உத்தரத்தை உயர்த்துவது அஸ்தமனம். வெயில் போனதும் அடியில் உள்ள அயனிகள் சீக்கிரம் கரைகின்றன. அலை இன்னும் மேலே போய்த்தான் திரும்ப வேண்டும். தெற்கே போனால் ஆட்டம் இன்னும் பலம். பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து விட்டதற்கு அதுதான் காரணம். அந்த வட்டாரத்தில் இருட்டியதும் மின்புலமே அடுக்கை மேலே தள்ளுகிறது. பிறகு அடுக்கு குமிழ் குமிழாக உடைந்தால் முள் ஆடாது, நடுங்கும்.

ஆகவே இந்த நிலையத்தின் அலையோடு ஒப்பிட்டுத் தங்கள் பெட்டியின் அதிர்வெண்ணைத் திருத்த நினைப்பவர்கள் அந்தியிலும் விடியலிலும் திருகாணியைத் தொடாதீர்கள். பாதை அதிகம் அசையாத நண்பகல் தேவலை. பொறுமை இருந்தால் 24 மணி நேரமும் எண்ணிச் சராசரி எடுங்கள். காலையில் வெயில் ஏற ஏற உத்தரம் இறங்கும். நேற்று நடுவழியில் தங்கிய பூவெல்லாம் அப்போது வினாடிக்குக் கோடிக்கு மேல் ஒன்றிரண்டாகக் கைக்கு வந்துவிடும்.