கோச்சைத் திட்டினால் யாருக்கு லாபம்?

எல்லாருக்கும் வணக்கம். மைக் கிடைத்தால் சுருக்கமாக முடிக்கிற ஆள் இல்லை நான், அதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஒரு கோழியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2012 மே 7. இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் பிளாக்பர்ன் என்ற ஊர். விகன் அணியோடு கால்பந்து மேட்ச், தோற்றால் அந்த நாட்டின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் இருந்து வெளியே போக வேண்டியதுதான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மைதானத்துக்குள் ஒரு கோழி ஓடுகிறது. பொம்மை இல்லை, நிஜக் கோழி. உடம்பில் பிளாக்பர்ன் கொடியைச் சுற்றி யாரோ உள்ளே விட்டிருக்கிறார்கள். கோழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆட்டம் தொடர்ந்தது, கடைசி நிமிடங்களில் விகன் ஒரு கோல் போட்டது. 11 வருடம் தொடர்ந்து மேல் டிவிஷனில் இருந்த கிளப் அன்று ராத்திரி இறங்கியது.

ஏன் கோழி? வெங்கீஸ். நம் ஊர் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் பார்த்திருப்பீர்களே, அதே புனே வெங்கீஸ். நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணை வைத்திருப்பவரிடம் பி.வி. 300 என்று அந்த முட்டைக்கோழி ரகத்தைச் சொன்னால் போதும், கம்பெனி பெயரை அவரே சொல்லுவார். அந்த வெங்கடேஸ்வரா ஹாச்சரீஸ் குடும்பம் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிரீமியர் லீக்கில் முதல் இந்திய ஓனர். அப்போது நம் பேப்பர்களில் என்ன பெருமையாக எழுதினார்கள்! எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேனேஜர் சாம் அல்லர்டைஸை அனுப்பிவிட்டார்கள். அங்கே மேனேஜர் என்றால் தலைமைக் கோச். டீம் அப்போது 13வது இடம், பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் அவருக்குக் கீழே பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன், அதுவரை எந்த கிளப்புக்கும் மேனேஜராக இருந்ததில்லை. அப்புறம் ஒரு விளம்பரம் வந்தது: ரோவர்ஸ் வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடுகிறார்கள். 1995ல் இங்கிலாந்து சாம்பியனான கிளப் அது. ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் இரும்பு வியாபாரி தன் பணத்தைக் கொட்டி, கென்னி டால்கிளிஷை மேனேஜராக வைத்து, ஆலன் ஷியரரை வாங்கி, லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தார். அந்த ஊர்க்காரன் இந்த விளம்பரத்தைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசியுங்கள்.

சரி, அந்த ரசிகர்கள் ஒன்றரை வருடம் யாரைத் திட்டினார்கள்? ஸ்டீவ் கீனை. 'கீன் அவுட்' பேனர், 'கீன் அவுட்' கோஷம், ஸ்டேடியத்துக்கு ஊர்வலம், எல்லாவற்றிலும் அந்த மனுஷன் பெயர்தான் பெரிதாக இருந்தது. காரணம் எளிது. அவர் அங்கேயே, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், நீங்கள் கத்தினால் அவர் காதில் விழும். ஓனர் புனேயில் இருக்கிறார்.

2012 செப்டம்பரில் கீன் போனார். ரசிகர்கள் கேட்டது கிடைத்தது, இல்லையா? அந்த ஒரே சீசனில் தற்காலிகமாக உட்கார்ந்தவர்களையும் சேர்த்து ஐந்து பேர் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டார்கள். 1995 சாம்பியன் அணியில் ஆடிய ஹென்னிங் பெர்க் 57 நாள். மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். பெர்க்குக்குப் பேசிய நஷ்டஈட்டைக் கொடுக்காமல் வழக்கு கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 22 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட் கொடுக்க வேண்டியதாயிற்று. 2017ல் கிளப் மூன்றாவது டிவிஷனுக்கே இறங்கியது, மறுவருடம் ஏறி வந்தது. கோச் மாறிக்கொண்டே இருந்தார், முதலாளி மாறவில்லை.

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான். கோச் என்பவர் முதலாளி பிடித்திருக்கிற குடை. மழை எல்லாம் குடை மேல் விழும். குடை கிழிந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார், நனைவது அவர் இல்லை.

இதைச் சொல்லுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், சிரிக்காதீர்கள். 2014 மார்ச்சில் எங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு மேலே ஒரு சின்ன விமானம், அப்போதைய கோச் டேவிட் மோயஸை வெளியே போகச் சொல்லும் பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. காசு வசூல் பண்ணி ரசிகர்கள் சிலர் ஏற்பாடு செய்தது. ஸ்டேடியத்துக்குள் இருந்தவர்கள் அந்த விமானத்தைப் பார்த்து ஊளையிட்டார்கள், கோச்சுக்குக் கை தட்டினார்கள், டீம் 4-1 ஜெயித்தது. நான் இங்கே டிவி முன்னால் உட்கார்ந்து விமானத்துக்குக் கை தட்டினேன். ஒரு மாதத்தில் மோயஸ் போய்விட்டார், நானும் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் வான் ஹால், மொரினியோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருத்தர் விஷயத்திலும் ஆறு மாதம் நம்பிக்கை, ஆறு மாதம் வசவு. 2005ல் கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப் தலையிலேயே கட்டிய கிளேசர் குடும்பம் இத்தனை கோச்சுகளையும் தாண்டி உட்கார்ந்திருந்தது. வட்டி கட்டியது டிக்கெட் வாங்கியவன்.

அந்தக் கிளப்பில் ரசிகர்கள் ஓனரைக் குறிவைத்ததும் உண்டு. 2010ல் பச்சையும் தங்க நிறமுமாக ஸ்கார்ஃப் போட்டார்கள், கிளப்பின் பழைய வடிவமான நியூட்டன் ஹீத்தின் நிறம். மிலன் அணிக்கு ஆட வந்த பழைய யுனைடெட் வீரர் பெக்காமே ஆட்டம் முடிந்ததும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். 2021ல் பெரிய கிளப்புகள் சேர்ந்து தனியாக ஒரு லீக் தொடங்கப் பார்த்த சூப்பர் லீக் கூத்துக்கு அப்புறம், மே 2ஆம் தேதி, மைதானத்துக்குள் புகுந்து லிவர்பூல் மேட்ச்சையே நடக்கவிடாமல் தள்ளிவைக்க வைத்தார்கள். ஸ்கார்ஃபை உலகம் ரசித்தது. மேட்ச் நிற்கும்போதுதான் டிவி கம்பெனி கேள்வி கேட்டது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வெங்கீஸ் விஷயத்தில் ஒரு நியாயமும் பேச வேண்டும். அவர்கள் கிளப்பைச் சுரண்டித் தின்றார்கள் என்று சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் 20 கோடி பவுண்டுக்கு மேல் உள்ளே போட்டிருக்கிறார்கள். ஆனால் காசு போடுவது வேறு, கிளப் நடத்துவது வேறு. 2023ல் என்ன ஆனது தெரியுமா? அமலாக்கத்துறை விசாரணை ஒன்று காரணமாக, இங்கிருந்து அங்கே பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டிய நிலை. லங்காஷயரில் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவன் டெல்லியில் வாய்தா என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்! 2025 பிப்ரவரியில் டீம் 5வது இடத்தில் இருந்தபோது மேனேஜர் ஜான் யூஸ்டஸ் தானாகவே கிளம்பி, அதே டிவிஷனில் இறங்குகிற இடத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த டார்பிக்குப் போனார். ஒரு கோச் எப்போது அப்படிப் போவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே கதை வேறு. 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம், வரும் 20 வருட ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதம் வரை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று ஓட்டெடுப்பு நடத்தியது. 36 கிளப்புகளில் 24 ஓட்டு வேண்டும், சரியாக 24 விழுந்தது. ரகசிய ஓட்டு. ஹனோவர் கிளப்பின் மார்ட்டின் கிண்டை 'வேண்டாம்' என்று போடச் சொல்லி உறுப்பினர் சங்கம் அனுப்பியிருந்தது, அவர் எப்படிப் போட்டார் என்று வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான், ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள். முதல் 12 நிமிடம் மௌனம், அப்புறம் டென்னிஸ் பந்து மழை. ரிமோட் கார் விட்டார்கள், கோல் கம்பத்தில் சைக்கிள் பூட்டைப் போட்டுப் பூட்டினார்கள். வாரா வாரம் ஆட்டம் நின்றது. 2024 பிப்ரவரி 21ஆம் தேதி லீக்கே திட்டத்தைக் கைவிட்டது. நடுவில் ஹனோவர் ரசிகர்கள் சிலர் கிண்ட் முகத்தில் துப்பாக்கிக் குறி போட்டு பேனர் பிடித்தார்கள், அது அசிங்கம், டென்னிஸ் பந்தின் அழகையே கெடுத்தது.

ஆனால் டென்னிஸ் பந்தினால் மட்டும் ஜெயித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அங்கே பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்று விதி, ஐம்பது சதவீதமும் ஒரு ஓட்டும். பந்து எறிகிறவன் கையில் ஒரு ஓட்டும் இருக்கிறது, தலைவர் நாளைக்கு அவனிடம்தான் வர வேண்டும். இங்கிலாந்தில் அது கிடையாது. அங்கே கிளப் ஒருத்தருடைய சொத்து, கடை மாதிரி. கடைக்காரனைப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? வாங்காமல் இருப்பீர்கள்.

அதைச் செய்து காட்டியது பிளாக்பர்னில் இருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற பிளாக்பூல்.

2010ல் இயன் ஹாலோவே என்ற கோச் ஒரு சின்ன டீமை வைத்துக்கொண்டு அந்தக் கடற்கரை ஊரை பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். ஒரே வருடம்தான் இருந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் வந்த பணத்தில் 1 கோடியே 10 லட்சம் பவுண்ட் ஓனர் ஓவன் ஆய்ஸ்டனுக்குச் சம்பளமாகப் போனது. 2014ல் சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது கையெழுத்துப் போட்ட வீரர்கள் எட்டே பேர். எட்டு பேரை வைத்துத் தெருவில் ஆடலாம். கேள்வி கேட்டு எழுதிய ரசிகர்கள் மேல் அவதூறு வழக்கு. சேர்மனாக இருந்த மகன் கார்ல், 'ஆய்ஸ்டன் அவுட்' என்று படிக்கும்படியான நம்பர் பிளேட்டைத் தன் காரில் மாட்டிக்கொண்டு சுற்றினார். அந்தத் திமிரைப் பாருங்கள்!

2015 மே 2, இதுவும் மே 2தான், ஹடர்ஸ்ஃபீல்டுடன் கடைசி மேட்ச். டீம் ஏற்கெனவே இறங்கிவிட்டது. பிரச்சினை வரும் என்று பயந்து, ஸ்டேடியத்துக்கு வெளியே இருந்த, கிளப்பின் பழைய நட்சத்திர வீரர் ஸ்டான் மார்டென்சன் சிலையையே கிளப் அப்புறப்படுத்தியிருந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் கூட்டம் உள்ளே இறங்கி நடு வட்டத்தில் உட்கார்ந்துகொண்டது, நடக்க முடியாத ஒருவர் தன் மின்சார வண்டியோடு உள்ளே வந்தார். மேட்ச் கைவிடப்பட்டது.

அதற்கப்புறம் செய்ததுதான் பெரிது. 'இனி ஒரு பென்னி கிடையாது' என்றார்கள். டிக்கெட் வாங்குவதில்லை, சட்டை வாங்குவதில்லை, ஸ்டேடியத்துக்குள் ஒரு டீ குடிப்பதில்லை. எத்தனை நாள்? கிட்டத்தட்ட நாலு வருடம். 2017ல் டீம் வெம்ப்ளிக்கு ஃபைனல் ஆடப் போனது. வெம்ப்ளி! ஒரு சின்ன ஊர் ரசிகனுக்கு வாழ்நாளில் ஒருமுறை இரண்டுமுறை கிடைக்கிற நாள். பெரும்பாலானவர்கள் போகவில்லை. ஜெயித்து மேலே ஏறினார்கள், அப்போதும் போகவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்காமல் இருக்கச் சொன்னால் முடியாது என்பேன், இவர்கள் நாலு வருடம் இருந்தார்கள். அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற வயது அந்த நாலு வருடத்தில் போய்விடும், அது திரும்ப வராது.

அதனால் ஓனர் விழுந்தாரா? நேராக இல்லை. கிளப்பில் 20 சதவீதப் பங்கு வைத்திருந்த லாட்வியாக்காரர் வலேரி பெலோகோன் கோர்ட்டுக்குப் போனார். 2017 நவம்பரில் அவருக்கு 3 கோடியே 12 லட்சத்துச் சொச்சம் பவுண்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. ஆய்ஸ்டனால் முழுசாகக் கட்ட முடியவில்லை. விற்கலாம் என்றால், ஆள் வராத ஸ்டேடியத்துக்கு என்ன விலை கிடைக்கும்? 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒரு ரிசீவரை, அதாவது சொத்தைப் பொறுப்பெடுத்துப் பார்க்கிற அதிகாரியை, போட்டு அவரை வெளியேற்றியது. பூட்டை உடைத்தவர் நீதிபதி, சரிதான். ஆனால் நாலு வருடம் கல்லாவில் காசு விழாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார்?

ரிசீவர் வந்ததும் ரசிகர்கள் முதலில் செய்தது ஸ்டேடியத்தைக் கழுவியது. ஆள் உட்காராத சீட்டு வரிசைகள் எல்லாம் பறவை எச்சம். கோழியில் ஆரம்பித்தேன், கடல்காக்காவில் வந்து நிற்கிறேன், என்ன செய்வது. வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு சம்பளம் இல்லாமல் வந்து தேய்த்தார்கள். மார்ச் 9, சவுத்எண்டுடன் மேட்ச், 15,871 பேர். கடைசி நிமிடத்தில் கோல் போட்டு 2-2. சமன்தான், ஆனாலும் கூட்டம் மைதானத்துக்குள் ஓடிவந்தது. இந்தத் தடவை யாரையும் விரட்டுவதற்காக இல்லை. அன்றைக்கு பிளாக்பூல் கோச் யார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? டெர்ரி மெக்ஃபிலிப்ஸ். அவரை யாரும் திட்டவில்லை.