நெட்வொர்க் பூட் வசதியை ஓ.எஸ்.ல இருந்து எடுத்துடலாமா?

அடுத்த கேள்வி, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கிற சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு ஐயா கேட்டிருக்காரு. "பென்டிரைவ் இருக்கிற காலத்துல லினக்ஸ் இன்னும் ஏன் நெட்வொர்க் பூட் வசதியைச் சுமக்கணும்? அதான் பயாஸ்லயே பி.எக்ஸ்.இ. இருக்கே?" அந்த "பயாஸ்லயே இருக்கே"தான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நெட்வொர்க் பூட்னா, மெஷின் தன்னோட டிஸ்க்ல இருந்து இல்லாம, சர்வர்ல இருந்து நெட்வொர்க் வழியா ஓ.எஸ்.ஸை வாங்கி எழுறது. ஆன் பண்ணதும் பயாஸ் அந்த வேலையைத் தொடங்கி வைக்கிற வழிதான் பி.எக்ஸ்.இ.

டி.எச்.சி.பி. (மெஷினுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கிற முறை) வீடியோ பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: மெஷின் ஐ.பி. கேட்கிறது ரெண்டு தடவை. முதல் தடவை பி.எக்ஸ்.இ. கேட்குது. பதிலோட வர்ற 66, 67-ஆம் ஆப்ஷன்ல சர்வர் பேரும் ஃபைல் பேரும் வாங்கி, டி.எஃப்.டி.பி.ங்கிற எளிய ஃபைல் அனுப்புற முறையில பூட்லோடரை இறக்குது. அது கெர்னலையும் (ஓ.எஸ்.ஸோட மையம்) இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (டிரைவர்கள் இருக்கிற தற்காலிக ஃபைல் தொகுப்பு) கொண்டு வருது. அதோட பயாஸ் வேலை தீர்ந்துச்சு. கெர்னல் எழுந்ததும் நெட்வொர்க் கார்டு டிரைவரைத் தானே ஏத்தி, ஐ.பி.யை மறுபடி கேட்டு, சர்வர்ல இருக்கிற ஓ.எஸ். ஃபைல்களை, அதாவது என்.எஃப்.எஸ். ரூட்டை, நெட்வொர்க் வழியா மவுன்ட் பண்ணணும். இந்த ரெண்டாவது பாதி ஓ.எஸ். தலையிலதான். அதை எடுத்துட்டா கெர்னல் அழகா இறங்கும், ரூட் கிடைக்காம அப்படியே நிக்கும்.

டெபியன் லினக்ஸ்ல இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக்ல மாட்யூல்ஸை 'டெப்'னு விட்டா, அந்த ஒரு மெஷினோட டிரைவர் மட்டும்தான் உள்ள போகும். 'நெட்பூட்'னு மாத்துங்க, BOOT வரியை 'என்எஃப்எஸ்'னு வைங்க, இனிட்ராம்எஃப்எஸ் இமேஜை மறுபடி கட்டுங்க. தானமா வந்த கலப்பு மெஷின்கள்ல இதுதான் அடிக்கடி உதைக்கும்.

ரெண்டு தடவைன்னு சொன்னேன்ல? டிரைவர் ஏறும்போது லிங்க் ஒரு தடவை விழுந்து எழும். சுவிட்ச்ல பழைய ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்ல சுழற்சி வராம பார்த்துக்கிற முறை) ஓடினா அந்த போர்ட் மறுபடி 30 செகண்ட் அடைஞ்சு கிடக்கும். முதல் ஐ.பி. கிடைச்சிருக்கும், ரெண்டாவது கிடைக்காது. அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க அந்த போர்ட்ல போர்ட்ஃபாஸ்ட் போடுங்க.

எதையாவது கழட்டித்தான் ஆகணும்னா டி.எஃப்.டி.பி.யைக் குறைங்க. சாதாரணமா 512 பைட் அனுப்பி, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும். அதுல ஐபிஎக்ஸ்இங்கிற சின்ன பூட்லோடரை மட்டும் இறக்கிட்டு, மிச்சத்தை எச்.டி.டி.பி.ல இழுங்க.

ஆனா ஐயா, நம்ம ஊர்ல கேட்க வேண்டிய கேள்வி வேற. லோட் ஷெடிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்துறது) முடிஞ்சு 20 மெஷினும் ஒண்ணா எழுந்தா? பூட் ஆக தலைக்கு 300 எம்.பி. இறக்குதுன்னு வைங்க, மொத்தம் 6 ஜி.பி. சர்வர்ல இருந்து ஜிகாபிட்னா ஒரு நிமிஷம். 100 மெகாபிட் சுவிட்ச்னா எட்டு நிமிஷத்துக்கு மேல. அதைவிட மோசம், சர்வர் எழுறதுக்குள்ள மெஷின்கள் கேட்டுப் பார்த்துட்டுக் கைவிட்டுடும். அதனால சர்வரும் சுவிட்சும் யு.பி.எஸ்.ல இருக்கட்டும். பயாஸ்ல கரண்ட் திரும்பினா சர்வர் 'ஆன்', மெஷின்கள் 'ஆஃப்'. அப்புறம் சர்வர்ல இருந்து வேக் ஆன் லேன்ல (நெட்வொர்க் வழியா மெஷினை ஆன் பண்ற வசதி) அஞ்சஞ்சா எழுப்புங்க. சில பழைய போர்டு கரண்ட் போய் வந்தா அதுக்கு எழாது; அதையெல்லாம் கையாலதான் ஆன் பண்ணணும்.