ரூபி எவன்ஸும் பத்தில் ஒரு பங்கும்

அவையோருக்கு வணக்கம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு இறுதிப் போட்டி. வெண்கலம் வாங்கிய பிரேசில் எடுத்த மொத்தம் 164.497. நான்காவதாக வந்த பிரிட்டன் 164.263. வித்தியாசம் 0.234. பன்னிரண்டு ஆட்டங்களைக் கூட்டி வந்த கணக்கு இது. கரணம் போட்டு இறங்கும்போது பாதம் லேசாகத் துள்ளினால் 0.1 போய்விடும். அப்படி மூன்று துள்ளல் குறைந்திருந்தால் பிரிட்டன் கழுத்தில் பதக்கம் ஏறியிருக்கும்.

அந்த ஐவர் அணியில் இருந்தவர் ரூபி எவன்ஸ். 2007-இல் பிறந்தவர், வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் பயிற்சி பெற்றவர். 1996 அட்லாண்டாவில் ஆடிய சோனியா லாரன்ஸுக்குப் பிறகு, ஒலிம்பிக் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் களம் இறங்கிய வேல்ஸ் பெண் இவர்தான். நடுவில் 28 ஆண்டுகள்! வேல்ஸில் திறமைக்குப் பஞ்சமில்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேல்ஸ் பெண்கள் குழுவாக வெண்கலம் வாங்கினார்கள். 2018 கோல்ட் கோஸ்டில் லட்டாலியா பெவன் ஃப்ளோரில், அதாவது தரைத்தளத்தில் கரணமும் நடனமும் கலந்து ஆடும் பிரிவில், வெள்ளி வாங்கினார். அப்படியிருந்தும் ஏன் இத்தனை இடைவெளி?

காரணம் சட்டையில் இருக்கிறது. பெரிய மேடைகளில் வேல்ஸ் தன் பெயரில் ஆடுவது காமன்வெல்த்தில்தான், அதுவும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. ஐரோப்பியப் போட்டி, உலகப் போட்டி, ஒலிம்பிக் மூன்றிலும் பிரிட்டன் சட்டைதான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பிள்ளைகளோடு போட்டியிட்டு, ஐந்து இடத்தில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

அந்த ஐந்து இடத்துக்குத் தேர்வாளர்கள் ஆள் எடுக்கும் விதமும் பலருக்குத் தெரியாது. பெண்களுக்குக் கருவிகள் நான்கு: தாவும் மேசை, உயரம் மாறிய இரு கம்பிகள், பீம் எனும் ஒடுங்கிய உத்தரம், ஃப்ளோர். தகுதிச் சுற்றில் ஒவ்வொரு கருவியிலும் நால்வர் ஆடலாம், மேலான மூன்று மதிப்பெண் கணக்கில் சேரும். ஒருவர் விழுந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். இறுதியில் அந்த வசதி இல்லை. மூவர் ஆடுவார்கள், மூன்றும் சேரும். பீமில் ஒருவர் விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போகும், அதை மறைக்க ஆள் கிடையாது. ஆகவே நான்கு கருவியிலும் சுமாராக ஆடுபவரைவிட, இரண்டு கருவியில் குழுவின் முதல் மூவரில் நிற்பவருக்கே மதிப்பு அதிகம். எனக்கு இது நியாயமான முறையாகவே படுகிறது. ஆனால் அதன் சுமை பதினாறு வயதுப் பெண்ணின் தோளில் விழுகிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பதினாறு என்று சொல்லக் காரணம் உண்டு. அந்த வயது நிறையும் ஆண்டில்தான் சீனியர் போட்டிக்கு அனுமதி. ரூபிக்கு அது 2023. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் உலகப் போட்டியில் பிரிட்டன் அணியில் ஆடினார், குழு ஆறாவது. அடுத்த ஆண்டு ரிமினியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் குழுவுக்கு வெள்ளி. பிறகு பாரிஸ்.

இனி ஃப்ளோருக்கு வருவோம். 12 மீட்டருக்கு 12 மீட்டர் தளம், 90 நொடிக்குள் முடிக்க வேண்டும். மதிப்பெண் இரண்டு பகுதி. ஒன்று கடினம்: மேலான எட்டு அசைவுகளைக் கூட்டுவார்கள், அதில் கரணங்கள் ஐந்துக்கு மேல் கூடாது, நடனத் தாவலும் சுழற்சியும் சேர்ந்து குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் கடினத்தைப் பொறுத்து ஓர் எழுத்துத் தரம் உண்டு: ஏ என்றால் 0.1, பி என்றால் 0.2, இப்படி ஏறிக்கொண்டே போகும். கட்டாயத் தேவைகள் நான்குக்கும் தலா 0.5. மற்றது செய்நேர்த்தி: பத்திலிருந்து தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

இங்கேதான் பயிற்சியாளருக்குத் தலைவலி. பின்பக்க இரட்டைக் கரணத்தை இடுப்பை மடித்துப் போட்டால் டி, 0.4. உடலை நீட்டியபடியே போட்டால் எஃப், 0.6. ஆசை நீட்டியதன் மேல் போகும். ஆனால் உடல் நீண்டிருந்தால் சுழற்சி மெதுவாகும், அதைச் சுற்றி முடிக்க உயரம் வேண்டும். அந்த உயரம் வருவது ரவுண்ட்-ஆஃபையும் (ஓடிவந்து கை ஊன்றி உடலைத் திருப்புவது) ஃபிளிக்கையும் (பின்பக்கமாகக் கை ஊன்றித் தாவுவது) அடுத்து வரும் உந்தலில். ஃபிளிக்கில் முழங்கால் கொஞ்சம் தளர்ந்தாலும், தோள் அவசரப்பட்டுப் பின்னால் சாய்ந்தாலும் உயரம் குறைந்துவிடும். சுற்று முழுமை பெறாமல் நெஞ்சு தாழ்ந்து இறங்குவார். தாழ்ந்த நெஞ்சுக்கு 0.1 அல்லது 0.3, சமாளிக்க முன்னால் வைக்கும் பெரிய அடிக்கு 0.3. கூடுதலாகக் கிடைத்த 0.2 அங்கேயே கரைந்துவிடும். கணுக்காலுக்கு விழும் அடி தனி. மாறாகச் சுற்று மிகுந்தால் பின்வாங்கிக் கோட்டுக்கு வெளியே போய்விடுவார்: ஒரு பாதத்துக்கு 0.1, இரு பாதத்துக்கு 0.3.

ஆகவே கடினமான கரணத்தை முதல் கரண வரிசையில், கால் புதிதாய் இருக்கும்போதே வைக்கிறார்கள். கடைசி வரிசைக்கு, களைத்த காலும் தாங்கும் ஒன்று. பார்ப்பவருக்கு முதல் கரணம்தான் மனதில் நிற்கும். முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் அந்தக் கடைசி இறக்கம்.

2025 அக்டோபரில் ஜகார்த்தாவில் உலகப் போட்டி. ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு என்பதால் குழுப் போட்டியே இல்லை, எல்லாம் தனிநபர். கருவி இறுதிக்கு எட்டுப் பேர், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இருவர். ஃப்ளோரில் பிரிட்டனின் இரு இடங்களில் ரூபியும் அபிகெயில் மார்ட்டினும். தங்கம் ஜப்பானின் ஐகோ சுகிஹாராவுக்கு. வெள்ளி ரூபிக்கு, வெண்கலம் மார்ட்டினுக்கு. பாரிஸில் 0.234-இல் பதக்கத்தைத் தவறவிட்ட அணியின் இரண்டு பெண்கள், அடுத்த ஆண்டே ஒரே மேடையில்! சொல்லும்போதே மனம் நிறைகிறது.

2026 கிளாஸ்கோ காமன்வெல்த் பட்டியலில் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்கிறது. அங்கே இருவரும் ஆடினால், இந்தத் தோழிகள் எதிரெதிர் அணி: ஒருவர் வேல்ஸ், ஒருவர் இங்கிலாந்து. வேல்ஸ் பெண் ஒருவர் ஃப்ளோரில் ஆடுவதைப் பார்க்க வாய்த்தால், கரணத்தின் உச்சியை ரசித்துவிட்டு, கண்ணை உடனே பாதத்துக்குக் கொண்டு வாருங்கள். தளத்தின் மூலையில் கோட்டு நடுவர் கொடியைத் தூக்குகிறாரா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.