பூசணிக்கு முன்னால் டர்னிப்

ஹாலோவீன் என்றதும் பூசணிக்காய்தானே ஞாபகம் வருகிறது? அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அயர்லாந்தின் மேயோ பகுதியில், காசில்பார் ஊருக்குப் பக்கத்தில், கிராம வாழ்க்கைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு முகம் உண்டு. குழிந்த கண், பல்லிளிக்கும் வாய், செத்துச் சுண்டிய கிழவன் மாதிரி. டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு அது. டொனகலில் உள்ள ஃபின்டவுனிலிருந்து 1943இல் வந்தது. கிழங்கு உதிர ஆரம்பித்ததால் பிளாஸ்டரில் வார்த்து வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நம் பூசணிக்காய் சிரிப்பெல்லாம் வெறும் குழந்தை விளையாட்டு!

இதற்கு அடியில் இருப்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழங்கால கெல்ட் மக்களின் சவ்-இன் என்ற பண்டிகை (எழுத்தைப் பார்த்துப் படித்தால் சாம்ஹெய்ன் என்றுதான் வாயில் வரும்). அக்டோபர் 31 பொழுது சாய்ந்ததும் தொடங்கும். அறுவடை முடிந்து, மேட்டு நிலத்தில் மேய்ந்த மாடுகளை இறக்கிக்கொண்டுவந்து, குளிர்காலத்துக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடிகிறவை எவை, வெட்டிவிட வேண்டியவை எவை என்று கணக்குப் பார்க்கும் சமயம். அந்த ராத்திரியில் மறுஉலகத்தின் கதவு திறந்துகொள்ளும் என்று நம்பினார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், அன்றைக்குப் பூசாரிகள் என்ன வேடம் போட்டார்கள் என்று விலாவாரியாக யாராவது விவரித்தால் நம்பாதீர்கள். சவ்-இன் பற்றிய பழைய கதைகளை எழுதி வைத்தவர்களே பிற்காலத்துக் கிறிஸ்தவத் துறவிகள்தான்.

அப்புறம் திருச்சபை வந்தது. 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1 புனிதர் அனைவருக்குமான திருநாளாக மேற்கு ஐரோப்பாவில் பரவியது. அதற்கு முந்தின மாலை என்பதைக் குறிக்கும் பெயர்தான் தேய்ந்து ஹாலோவீன் ஆனது. இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி சின்ன கேக் வாங்கிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வேடம் கட்டிப் போய், ஒரு பாட்டோ கவிதையோ சொன்னால்தான் ஆப்பிளும் கொட்டையும். இன்றைக்குப் பையை நீட்டினாலே மிட்டாய் விழுகிறது, சரி, காலம்!

1845இலிருந்து சில வருஷம் உருளைக்கிழங்கு அழுகி, பஞ்சம் வந்து, பத்து லட்சத்துக்கும் மேலான ஐரிஷ் மக்கள் கப்பலேறினார்கள். அமெரிக்கா போனவர்களோடு விளக்குக் குடையும் வழக்கமும் போனது. அங்கே பூசணி பெரிது, குடையவும் சுலபம். டர்னிப் கல் மாதிரி, கரண்டியே வளைந்துவிடும்.

அயர்லாந்திலோ பார்ம்பிராக் இன்னும் போகவில்லை. உலர்திராட்சை போட்ட ரொட்டி. அதற்குள் ஒரு மோதிரம். யார் துண்டில் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம். காசு வந்தால் பணம், கந்தல் துணி வந்தால் வறுமை. இன்றும் அக்டோபரில் கடையில் கிடைக்கும், மோதிரத்தோடு. மெதுவாகக் கடியுங்கள்.