போக்கர்ல ஷோடவுனே வராம, அதாவது கடைசியில சீட்டைக் காட்டாமலே, ஜெயிக்கலாமா? சிவப்புக் கோட்டோட கணக்கு!

[திரையில்: சரிஞ்சுக்கிட்டே போற சிவப்புக் கோடு]

ஆறு பேர் டேபிள். வர்ற கை எல்லாத்தையும் ஃபோல்டு பண்றீங்க, அதாவது சீட்டைப் போட்டுட்டு விலகுறீங்க, ஒரு பெட் கூட இல்ல. 100 ஹேண்ட் முடியும்போது எவ்வளவு போயிருக்கும்? 25 பிக் பிளைண்டு! பிளைண்டுன்னா சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே முறை வெச்சுப் போட வேண்டிய கட்டாயப் பந்தயம்; ஸ்மால், பிக்ல பாதி. ஆறு ஹேண்டுக்கு ஒரு ஸ்மால், ஒரு பிக், ஆக ஒன்றரை. நீங்களே பெருக்கிப் பாருங்க.

நம்ம ஆட்டத்தைப் பதிஞ்சு வரைபடம் போட்டுக் காட்டுற சாஃப்ட்வேர்தான் போக்கர் டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர். ரெண்டுலயும் பச்சைக் கோடு மொத்தக் கணக்கு. நீலம், சீட்டைக் காட்டி முடிஞ்ச கை. சிவப்பு, அதுக்கு முன்னாடியே ஃபோல்டுல முடிஞ்ச கை. இப்ப விஷயத்துக்கு வருவோம்.

பட்டன்ல (ஃப்ளாப்ல இருந்து கடைசியா ஆடுற இடம்) இருந்து 2.5 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் பண்றீங்க, அதாவது பந்தயத்தை ஏத்துறீங்க. பிக் பிளைண்டு போட்டவர் மட்டும் கால், அதாவது அதே அளவு போட்டுத் தொடர்றார். நடுவுல சேர்ந்த பணம், அதாவது பாட்ல, ஸ்மால் பிளைண்டோட அரையும் சேர்த்து 5.5. ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவா முதல்ல திறக்கிற மூணு சீட்டு) கிங், ஏழு, ரெண்டு. மூணும் வேற வேற சூட் (ஹார்ட், ஸ்பேடு மாதிரி இனம்). உங்களுக்கு ஒண்ணும் சேரல. அவர் செக், அதாவது எதுவும் போடாம உங்களுக்கு விடுறார். இங்கதான் நிறைய பேர் தானும் செக் பண்ணி பாட்டை விட்டுக்கொடுக்கிறாங்க. 1.8 போடுங்க, பாட்ல மூணுல ஒரு பங்கு! நாலு தடவையில ஒரு தடவை அவர் ஃபோல்டு பண்ணாலே கையைக் கடிக்காது. ஜோடி இல்லாத ரெண்டு சீட்டுக்கு ஃப்ளாப்ல ஒரு ஜோடி கூட அமையாம போறது எத்தனை தடவை தெரியுமா? மூணுல ரெண்டு!

பாட் அளவுக்கு முழுசா போட்டா? பாதி தடவை ஃபோல்டு வேணும். சேராத கை 1.8-க்கே ஓடிடும், கிங் வெச்சிருக்கிறவர் 5.5-க்கும் நகர மாட்டார். அப்புறம் எதுக்கு மூணு மடங்கு கொடுக்கணும்? எனக்கு இந்தக் கணக்குல இருக்கிற அழகே இதுதான்.

ஆனா எதிர்ல ரெண்டு பேர்னா கதை மாறிடும். ஆளுக்குப் பாதி தடவை ஃபோல்டு பண்ணாலும், ரெண்டு பேரும் சேர்ந்து போறது 25 சதவீதம்தான். ஒன்பது, எட்டு, ஏழு மாதிரி ஃப்ளாப்லயும் கையைக் கட்டிக்கோங்க. அது பிக் பிளைண்டுல இருக்கிறவர் கைக்கு அதிகம் சேர்ற சீட்டு.

கால் வந்துட்டா? டர்ன்ல (நாலாவது பொதுச் சீட்டு) ஏஸ் விழுந்தா, இல்ல உங்களுக்கு ஃப்ளஷ் டிரா (ஒரே சூட்ல அஞ்சு சேர இன்னும் ஒரு சீட்டு வேணுங்கிற நிலை) கிடைச்சா, மறுபடி பெட் அடிங்க. பாட் 9.1, 6 போட்டா 40 சதவீதம் ஃபோல்டு போதும். ரெண்டுமே இல்லன்னா விட்டுடுங்க.

பிக் பிளைண்டுல நீங்க இருந்து பட்டன் 2.5 போட்டா, 1.5 கொடுத்து 5.5 பாட்டுக்குப் போட்டி போடுறீங்க. 27 சதவீத ஈக்விட்டி, அதாவது பாட்ல உங்க கைக்குச் சராசரியா வர்ற பங்கு, இருந்தா போதும். ஒரே சூட் ஒன்பது-ஏழை எல்லாம் தூக்கிப் போடாதீங்க.

இதை நல்லா கவனிங்க: ரிவர்ல (கடைசிப் பொதுச் சீட்டு) உங்க பிளஃப்பை, அதாவது கையில சரக்கு இல்லாம போட்ட பெட்டை, எதிராளி கால் பண்ணிட்டா அது ஷோடவுன். அந்த நஷ்டம் நீலத்துல போய் ஒளிஞ்சுக்கும்! சிவப்பு ஏறுதேன்னு எதையும் கால் பண்றவர்கிட்ட பிளஃப் அடிச்சா, பச்சை சரியும்.

இன்னைக்கே டிராக்கர்ல ‘ஃப்ளாப்ல கால், டர்ன்ல ஃபோல்டு’னு ஃபில்டர் போடுங்க. டர்ன்ல என்ன செய்யப்போறோம்னு திட்டமே இல்லாம கால் பண்ண கை அதுல எத்தனை? கமெண்ட்ல எழுதுங்க.