பாலுக்கு டிகிரி பார்க்கிறோம், ஆளுக்கு?

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பெருந்துறையிலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே, மைக்செட்டுக்குக் காசு வாங்க மறுத்த பந்தல்காரத் தம்பி அவர்களே, மழை மேகத்தைப் பார்த்தும் எழுந்து போகாத தாய்மார்களே, வணக்கமுங்க. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தில் ஒருவருக்குச் சால்வை விட்டுப்போய், அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இன்று அக்டோபர் 29, உலகப் பக்கவாத தினம். மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள்: ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் ஏன் வருகிறது, அதை எப்படித் தடுப்பது, என்ன சாப்பிடுவது.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள். பக்கவாதத்துக்கு இது அப்படியே பொருந்தும். பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முதல் தடவை அல்ல. முதல் மூன்று மாதம்தான் ரொம்ப ஆபத்து. பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துத்தான் வருகிறது. பி.பி., சர்க்கரை, கொழுப்பு, பீடி, தாறுமாறாகத் துடிக்கும் இதயம் என்று எது முதல் அடைப்பை உண்டாக்கியதோ, அது ஆஸ்பத்திரியிலிருந்து நம்மோடு அதே காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

காங்கேயத்துப் பக்கம் என் மாமா ஒருவர். தை மாதம் வலது கை இழுத்துக்கொண்டது. சொந்தபந்தமெல்லாம் புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று புறாவுக்கு அலைந்தார்கள். புறா கிடைப்பதற்குள் டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை எழுந்துவிட்டது. அந்தப் புறா பிழைத்தது! கை வந்ததும் மாமா மாத்திரையை நிறுத்திவிட்டார். கேட்டால், "மாப்ளே, கை நல்லாத்தான எந்திரிக்குது, மாத்தர எதுக்குங்கறேன்?" என்பார். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் புறப்பட்டார். ஒரு காளைக்குப் பல் பார்த்தார், திமிலைத் தட்டினார், தரகரோடு துண்டுக்குள் கையை விட்டு விலை பேசினார். உங்களுக்குத் தெரியும், அங்கே வாய் பேசாது, விரல்தான் பேசும். நாலு விரலைப் பிடித்தவருக்கு ஒவ்வொரு விரலாக நழுவுகிறது. தரகர் என்ன நினைத்தார்? "கவுண்டர் விலையைக் குறைக்கறாருங்கோ" என்று அவரும் விடாமல் இழுத்துப் பிடிக்கிறார். துண்டை விலக்கிப் பார்த்தால் கை துவண்டு கிடக்கிறது, வாய் கோணியிருக்கிறது. அப்போதும் யாரும் 108-க்குப் போன் போடவில்லை. சோடா வாங்கிக் கொடுத்து வேப்பமரத்தடியில் படுக்க வைத்தார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இவரைக் கொண்டுபோனது பொழுது சாய்ந்து. இன்று வரை பேச்சில்லை.

பட்ட காலிலே பட்டுவிட்டது, விதி என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ, கொழுப்புக்கு ஸ்டாட்டின், பி.பி.க்கு ஒரு மாத்திரை. இதில் எதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. பி.பி. 130-க்கு 80-க்குள் இருந்தால் நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் வந்த பிறகு பி.பி., சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் போட்ட மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்ப்பது யார்?

அதற்குத்தான் நம் பால் சொசைட்டி. காலையும் மாலையும் கேனோடு வந்து நிற்கிறோம். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் விட்டு பாலுக்கு டிகிரி பார்க்காமல் ஒரு லிட்டர் உள்ளே போகாது. ஊற்றுகிற ஆளுக்கு மட்டும் ஒன்றும் பார்ப்பதில்லை! அந்த மேசையிலேயே ஒரு பி.பி. மெஷின் வையுங்கள், பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு போடுங்கள். அப்புறம் ஒரு பெஞ்சும் வேண்டும். டீயும் பீடியும் முடிந்த கையோடு பார்த்தால் கணக்குத் தப்பும், அரை மணி நேரம் போகட்டும், அப்புறம் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் டாக்டரிடம் அனுப்பலாம், ஏற்கெனவே ஒரு முறை பக்கவாதம் வந்தவரை வீடு தேடிப் போயும் பார்க்கலாம். இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன், பைத்தியம் என்கிறார்கள், பரவாயில்லை.

சங்கத் தலைவர் சிரிக்கிறார். அடுத்த பேரவைக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறேன் என்று அவர் இங்கேயே சொல்லிவிட்டால், சாப்பாடு பற்றிய மூன்றாவது விஷயத்தை விட்டுவிட்டு நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.