டீசல் மலிவு என்பது பங்க்கோடு சரி

(மதுரையில் லாரி உரிமையாளர்கள், மளிகை மொத்த வியாபாரிகள், கல்லூரி மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சற்றுச் செப்பனிடப்பட்டது.)

அவைத் தலைவர் அவர்களே, கீழமாசி வீதியிலிருந்து கடையைச் சீக்கிரமே எடுத்துவைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோலைவிட டீசல் ஏன் விலை அதிகம் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த லாரி அதிபர் ஒருவர், "ஐயா, தலைப்பைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்களா? நம் ஊர் பங்க்கில் டீசல்தானே ஏழெட்டு ரூபாய் குறைச்சல்" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். அவர் சொன்னது சரி. டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் பிள்ளைகள் வீட்டில் தங்கிவிட்டு வந்தவர்கள், அங்கே டீசல்தான் விலை கூடுதல் என்று சொல்வதும் சரி. வரியை விட்டுப் பார்த்தால் டீசல் இன்று விலை கூடிய சரக்கு. நம் நாட்டில் அது மலிவாகத் தெரிவது வரி செய்கிற வேலை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

வியாபாரிகள் இருக்கும் சபை என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2024 மார்ச் மாதத்தில் விலை 2 ரூபாய் குறைக்கப்பட்டபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் ரூ. 100.75, டீசல் ரூ. 92.34. மதுரைக்குக் கொண்டுவரும் கூலி சேர்வதால் நம் விலை சற்றுக் கூடும். கணக்கின் போக்கு மாறாது. தமிழ்நாட்டின் விற்பனை வரி பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு ரூ. 11.52-உம், டீசலுக்கு 11 சதவீதமும் ரூ. 9.62-உம். அந்த வரியை உரித்து எடுத்தால் பெட்ரோல் ஏறத்தாழ 79 ரூபாயிலும், டீசல் ஏறத்தாழ 74.50 ரூபாயிலும் வந்து நிற்கின்றன. அப்போது மத்திய அரசின் உற்பத்தி வரி பெட்ரோலுக்கு ரூ. 19.90, டீசலுக்கு ரூ. 15.80. அதையும் கழித்தால் இரண்டும் 59 ரூபாயை ஒட்டி நிற்கும். பங்க்கில் கண்ட எட்டு ரூபாய் வித்தியாசம் இங்கே அரை ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. இன்னும் ஓர் உரிப்பு மிச்சம் இருக்கிறது. பங்க் உரிமையாளருக்குக் கிடைக்கும் கமிஷன் பெட்ரோலில் ஒரு ரூபாய்க்கு மேல் அதிகம். அதையும் எடுத்துவிட்டால் டீசல் முந்திவிடுகிறது. எண்ணெய் நிறுவனம் டீலருக்குக் கொடுத்த விலை, அதே மாத டெல்லிக் கணக்கின்படி, பெட்ரோல் ரூ. 55.66, டீசல் ரூ. 56.42. ஆக, வரியில்லாத சந்தையில் நமக்கும் டீசல்தான் விலை கூடுதல்.

அமெரிக்காவில் வரி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அங்கே மத்திய அரசின் வரி ஒரு கேலன் (ஏறத்தாழ 3.8 லிட்டர்) பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். கார்களெல்லாம் பெட்ரோலில் ஓடுகின்றன, டீசலில் ஓடுவது பெரும்பாலும் கனரக லாரி, சாலையை அதிகம் தேய்ப்பதும் அதுதான், ஆகவே அது கூடுதலாகக் கொடுக்கட்டும் என்பது அவர்களுடைய நியாயம். நம் நாட்டில் லாரியும் பேருந்தும் டிராக்டரும் டீசலில் ஓடுகின்றன, அரிசி பருப்பு விலை அதில் தொங்குகிறது, ஆகவே டீசலைத் தாங்கிப் பிடிப்போம் என்பது நம்முடைய நியாயம். மதுரை மத்தியத் தொகுதியின் உறுப்பினராக இருந்த பழனிவேல் தியாகராஜன், 2021 ஆகஸ்டில் நிதியமைச்சராகத் தாக்கல் செய்த திருத்திய நிதிநிலை அறிக்கையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது பெட்ரோலுக்குத்தான், டீசலுக்கு அல்ல. இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறவர்களை எண்ணிச் செய்தது அது. எந்த எரிபொருளை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் எல்லா அரசுகளும் வரி போடுகின்றன.

சரி, வரி இல்லாமலே டீசல் ஏன் விலை கூடுகிறது?

முதலில் அளவையைப் பாருங்கள். பங்க்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். கேட்டால் கண்ணாடிக் குடுவையில் எண்ணெயை ஊற்றி, அடர்த்திமானியை மிதக்கவிட்டுக் காட்டவும் வேண்டும். கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. அந்த எண்ணை ஒரு முறை கவனித்துப் படியுங்கள். ஆயிரம் லிட்டர் பெட்ரோலின் எடை 720 கிலோவிலிருந்து 775 கிலோ வரை. டீசலோ 800 கிலோவுக்கு மேல். செக்கு எண்ணெயைக் கிலோ கணக்கில் வாங்குகிறோமா லிட்டர் கணக்கில் வாங்குகிறோமா என்று விசாரிக்காமல் விலை பேசாத ஊர் இது. ஆனால் டீசலையும் பெட்ரோலையும் மட்டும் லிட்டருக்கு லிட்டர் வைத்து ஒப்பிடுகிறோம். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைக் காட்டிலும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஆற்றல் அதிகம். டீசல் வண்டியின் மைலேஜில் ஒரு பங்கு எஞ்சினின் திறமை, இன்னொரு பங்கு எண்ணெயின் கனம். கனமான சரக்குக்கு விலை கூடுவதில் அநியாயம் ஒன்றுமில்லை.

அடுத்தது கந்தகம். கச்சா எண்ணெயைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும்போது பெட்ரோலுக்கு உரிய பகுதி ஏறத்தாழ 200 டிகிரிக்குள் ஆவியாகிவிடும். டீசலுக்கு உரியது அதற்கு மேல் சுமார் 360 டிகிரி வரை. கனமான பகுதிக்குப் போகப் போகக் கந்தகம் அதிகம், அது பிடித்துக்கொள்ளும் பிடியும் வலுவானது. ஒரு காலத்தில் வடித்த டீசலைப் பெரிதாக வேலை செய்யாமலே விற்றார்கள். பெட்ரோலுக்குத்தான் ஆக்டேன், அதாவது எஞ்சினில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் தரம், ஏற்றும் செலவு இருந்தது. ஆகவே உலகில் பல இடங்களில் டீசல் மலிவாகவே இருந்தது. பிறகு புகைக் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்கா 2006-இல் சாலை டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 15 பங்காகக் குறைக்கத் தொடங்கியது. நம் நாட்டில் வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதிகளில், மூன்றில் 350 பங்கு, நான்கில் 50, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆறில் 10. கடைசித் துளிக் கந்தகத்தைக் கழற்றுவதுதான் கடினம். டீசலை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உயர்ந்த அழுத்தத்தில், கோபால்ட்டும் மாலிப்டினமும் கலந்த வினையூக்கியின் மீது ஹைட்ரஜனோடு செலுத்த வேண்டும். அந்த ஹைட்ரஜனை எடுப்பதற்கே இயற்கை எரிவாயுவோ, கச்சா எண்ணெயின் லேசான பகுதியான நாப்தாவோ செலவாகிறது. சென்னை மணலி ஆலையிலிருந்து திருச்சி வழியாகக் குழாயில் மதுரைக்கு வரும் டீசல், இந்த வேலையெல்லாம் முடிந்து வருகிற டீசல்.

இவை இரண்டையும்விடப் பெரிய காரணம் தேவை. பெட்ரோல் விலை ஏறினால் குடும்பம் கொடைக்கானல் பயணத்தைத் தள்ளிப்போடும், பையன் பேருந்தில் கல்லூரிக்குப் போவான். டீசல் விலை ஏறினால் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கை இறங்கிய இடத்திலேயே விட்டுவிட முடியுமா? ஒட்டன்சத்திரத்துத் தக்காளி கேரளத்துக்குப் போகாமல் காத்திருக்குமா? சோழவந்தானில் முற்றிய நெல்லை அறுக்கும் இயந்திரம், விலை இறங்கட்டும் என்று வரப்பில் நிற்குமா? வாங்கியே ஆகவேண்டிய சரக்கில் கொஞ்சம் தட்டுப்பாடு வந்தாலும் விலை துள்ளும். போதாக்குறைக்கு, கச்சா எண்ணெயின் அதே நடுப்பகுதிக்குப் போட்டியிடுபவர்கள் பலர். விமான எரிபொருள் அங்கிருந்துதான் வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயும் அதுவே. கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைய வேண்டும் என்ற உலகக் கட்டுப்பாடு 2020 ஜனவரியில் வந்தபின் கப்பல்காரர்களும் அதில் கைவைக்கிறார்கள்.

டீசலுக்குக் கிராக்கி என்றால் டீசலையே அதிகம் எடுக்கலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து எல்லாம் சேர்ந்துதான் வரும். அமெரிக்க ஆலைகள் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுப்பதற்கென்றே கட்டப்பட்டவை. அங்கே பீப்பாய்க்கு டீசலைவிடப் பெட்ரோல் கணிசமாக அதிகம் கிடைக்கும். நம் நாட்டு ஆலைகள் டீசலை முன்வைத்தவை, ஏனென்றால் இங்கே டீசல் விற்பனை பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆலையின் அமைப்பை நினைத்தவுடன் மாற்றிவிட முடியாது. அதற்கு ஆண்டுகளும் பெரும் முதலீடும் வேண்டும்.

இவையெல்லாம் ஒன்றுகூடிய ஆண்டு 2022. உக்ரைன் போர் தொடங்கியபோது ஐரோப்பா இறக்குமதி செய்த டீசலில் பெரும்பங்கு ரஷ்யாவுடையது. அது நின்றுவிடும் என்ற அச்சமே விலையை ஏற்றியது. 2023 பிப்ரவரி 5 முதல் ரஷ்ய டீசலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையும் வந்தது. 2022 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் கேலன் 5 டாலரைத் தொட்டபோது டீசல் 5.80 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று நம் மத்திய அரசு ஏற்றுமதிக்கு வரி போட்டது: பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய். அயல்நாட்டில் எந்தச் சரக்குக்கு லாபம் கொழிக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டில் வரி வித்தியாசம் மறைந்த தருணங்களும் உண்டு. 2018 அக்டோபரில் ஒடிசாவில் டீசல் பெட்ரோலைத் தாண்டியது. அங்கே இரண்டுக்கும் ஒரே 26 சதவீத வரி. 2020 மே மாதம் டெல்லி அரசு டீசல் மீதான வரியை 30 சதவீதமாக்கியது. ஜூன் 24 அன்று அங்கே பெட்ரோல் ரூ. 79.76, டீசல் ரூ. 79.88. ஜூலை இறுதியில் வரியைக் குறைத்த பிறகுதான் டீசல் மீண்டும் கீழே இறங்கியது.

எதிர்த்திசையிலும் நாம் அளவு மீறியிருக்கிறோம். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்க்குள். பெட்ரோல் விலையை 2010-இல் சந்தைக்கு விட்டுவிட்டு டீசலை மட்டும் கட்டிவைத்ததன் விளைவு. லாரிக்கும் டிராக்டருக்கும் கொடுத்த சலுகையைக் கொண்டுபோனவை டீசல் கார்கள். வசதி படைத்தவர் பெரிய கார் வாங்கி மானிய டீசல் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டர்காரர் முழு விலை கொடுத்தார். அதை நான் வெட்கக்கேடு என்றுதான் சொல்வேன். 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசா வீதம் ஏற்றி, 2014 அக்டோபரில் டீசலையும் சந்தைக்கு விட்டபிறகு அந்தக் கார்களின் மோகம் மெல்ல வடிந்தது.

அவையிலிருந்து வந்த சீட்டு ஒன்றில், ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் டீசல் விலை இறங்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இறங்கலாம், எந்த வீதத்தில் வரி, மாநிலம் அதற்கு மேல் என்ன போடும் என்பதைப் பொறுத்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரே வீதம் வைத்தால் பெட்ரோல் இறங்கும் அளவுக்கு டீசல் இறங்காது. ஒடிசாவில் நடந்தது இங்கும் நடக்கும். லாரி ஓட்டும் செலவில் டீசல் ஏறத்தாழப் பாதி. ஆகவே ஓராண்டுக்கு வாடகை பேசி ஒப்பந்தம் போடும் உரிமையாளர்கள், அன்றைய டீசல் விலை இன்னது, அதற்கு மேல் ஏறினால் வாடகை இன்ன விகிதத்தில் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற நிபந்தனையை அதில் கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள். பெட்ரோல் விலையைப் பார்த்து டீசலை ஊகிக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.